கப்பல் மாதிரியில் ‘வெதரிங்’: ‘நரையூட்டல்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

மாதிரிக் கப்பல் கட்டுவோர், வெயில் மழையில் பழசானது போல மாதிரிக்குத் தோற்றம் தருவதை ‘வெதரிங்’ என்று சொல்வதற்குப் புவியியல் பாடநூலின் ‘வானிலைச் சிதைவு’ என்பதையே எடுத்தாள்வதை ஏற்க முடியவில்லை. பாறைக்கு அது சரி. 1817-இல் பம்பாயில் மலபார் தேக்கால் கட்டிய ‘டிரிங்கோமலி’ போர்க்கப்பலின் மேல்தளத்துக்கு எப்படிப் பொருந்தும்? அங்கே மாறியது நிறம். ‘சிதைவு’ என்று படிப்பவர் பலகையில் வெடிப்பும் பள்ளமும் செதுக்கத் தொடங்கிவிடுவார்.

வெயிலின் புற ஊதாக் கதிர் தேக்கின் நாரைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்ற பொருளை உடைக்கிறது. உடைந்ததை மழை கழுவிக்கொண்டு போக, மிஞ்சும் செல்லுலோஸ் நார் வெள்ளிச் சாம்பலாகத் தெரிகிறது. இதை ‘நரைத்தல்’ என்போம். மாதிரியில் நாம் செய்வது ‘நரையூட்டல்’.

⁂

> மாதிரியில் நாம் செய்வது ‘நரையூட்டல்’.

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் பாதிக்குத்தான் பொருந்தும். பணியிலிருந்த போர்க்கப்பலின் தளத்தை மணலும் கடல்நீரும் போட்டு மணற்கல்லால் தேய்த்துத் துலக்குவார்கள். நரைத்த மேற்படலம் அதோடு போய்விடும். எஞ்சுவது சாம்பல் நிறமல்ல, காய்ந்த வைக்கோலின் வெளிர்நிறம். இதற்கு ‘துலக்குவெளுப்பு’ என்று தனிச்சொல் வேண்டும்.

எனவே எந்த ஆண்டின் கப்பலைக் கட்டுகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். 1852 முதல் 1857 வரை பசிபிக் கடலில் பணியாற்றிய டிரிங்கோமலி என்றால் துலக்குவெளுப்புதான். கப்பல் இன்று நிற்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் எடுக்கும் படத்தைப் பார்த்து நிறம் கலப்பது பெரிய பிழை. 1990-இல் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் நடந்த மீட்டெடுப்புக்குப் பிந்தைய தளம் அது; நாள்தோறும் துலக்க அதில் மாலுமிகளும் இல்லை.

இரண்டுக்கும் பொதுச்சொல்லாக ‘வெளிமூப்பூட்டல்’ என்பதை முன்வைக்கிறேன். திறந்த வெளியில் கிடந்து வரும் மூப்பு வெளிமூப்பு. வெறும் ‘மூப்பு’ என்றால் முற்றிய மரம், வைரம் பாய்ந்த மரம் என்று குழப்பிக்கொள்வார்கள்.

⁂

வெளிமூப்பூட்டலை நானும் ஏற்கிறேன். செய்முறை எழுதும்போது சொற்கள் தாங்குகின்றனவா என்று பார்ப்போம்.

1:64 அளவில் 9 அங்குல அகலப் பலகை 3.6 மி.மீ. ஆகும். தேக்கின் நார் இந்த அளவுக்கு முரடு. மேப்பிள் அல்லது லைம் (லிண்டன்; எலுமிச்சை அல்ல) மரத்தை எடுங்கள். பலகை இடுக்கில் தார் தோய்ந்த நார் திணித்து, உருக்கிய கீல் (கறுப்புப் பிசின்) ஊற்றுவதற்குக் ‘கலப்பற்று’ என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. ‘காக்கிங்’ வேண்டாம். 8 மி.மீ. இடுக்கு மாதிரியில் 0.125 மி.மீ.; பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் 2பி பென்சில் தீட்டினால் போதும். இரு விளிம்பிலும் தீட்டினால் கோடு தடித்துவிடும். ஒட்டியபின் உப்புத்தாள் போடாதீர்கள், கரித்தூள் நாருக்குள் இறங்கி அழுக்காகிவிடும். கூரிய தகட்டால் சுரண்டுங்கள்.

நரையூட்ட: எண்ணெய் போகக் கழுவிய எஃகு நார் ஒரு பிடி, வெள்ளை வினிகர் 250 மி.லி., மூன்று நாள். வாயு வெளியேற வேண்டும், மூடியை இறுக்காதீர்கள். வடிகட்டி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேருங்கள். இரும்போடு சேர்ந்து நிறம் தரும் துவர்ப்பொருளான டானின் மேப்பிளிலும் லைமிலும் குறைவு. முதலில் கடுந்தேயிலை நீர் பூசி உலரவிடாவிட்டால் சாம்பல் பிடிக்காது. நிறம் பல மணி நேரம் கறுத்துக்கொண்டே போகும். ஒரு நாள் பொறுத்தே அடுத்த பூச்சு. பசை வழிந்த இடம் நிறம் ஏற்காமல் திட்டாக நிற்கும். அதே பலகையின் துண்டில் சோதித்துவிட்டுத் தளத்தைத் தொடுங்கள்.

துலக்குவெளுப்புக்கு இந்தக் கரைசலே வேண்டாம். மரத்தை அப்படியே விட்டு, மிக நீர்த்த மஞ்சள்-பழுப்புச் சாயம் ஒரு பூச்சு, மேலே மங்கல் வார்னிஷ். பளபளப்பு வார்னிஷ் நிறத்தை ஆழமாக்கி எல்லாவற்றையும் கெடுக்கும்.

இன்னொன்று. ஓக் மரத்தில் இரும்பு ஆணியைச் சுற்றி வரும் நீலக்கறுப்புக் கறையைப் பலர் இந்தக் கப்பலிலும் தீட்டுகிறார்கள். ஓக்கின் அமிலம் இரும்பை அரிக்கும். தேக்கில் அந்த அரிப்பு குறைவு. பம்பாய்க் கப்பலில் அந்தக் கறையை விட்டுவிடுங்கள். சொல்லுக்கு ‘ஆணிக்கறை’ என்று பட்டியலில் ஏற்றலாம், ‘ஓக் கப்பல்களுக்கு’ என்ற குறிப்போடு.