பாலிகிராஃபுக்குத் தமிழில்: 'பொய்யறி கருவி' வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒருவர் பொய் சொல்கிறாரா என்று பார்க்கப் பயன்படுத்தும் பாலிகிராஃப் கருவிக்கு நேற்று முன்மொழியப்பட்ட 'பொய்யறி கருவி' கச்சிதமான சொல்தான், நாவிலும் நிற்கிறது. ஆனால் நாம் சொல் தேடுவது தண்டனை பெற்ற பாலியல் குற்றவாளிகளின் சிகிச்சை பற்றிய கட்டுரைக்கு. அங்கே இந்தப் பெயரே பொய் சொல்லிவிடும்.

கருவி கோடுகளாகப் பதிவு செய்வது மூச்சு, இரத்த அழுத்தம், வியர்வையால் தோலில் வரும் மாற்றம், அவ்வளவுதான். பொய்க்கென்று தனிக்கோடு எதுவும் இல்லை. 'என்னைச் சந்தேகப்படுகிறார்களே' என்ற பயத்திலும் கோடு எகிறும். செய்தித்தாள்கள் எழுதும் 'உண்மை கண்டறியும் சோதனை'யும் இதே பிழைதான், தலைகீழாக.

சிகிச்சையில் அதன் வேலையே வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இந்தச் சோதனைக்கு வழிசெய்தது. சிறையிலிருந்து நிபந்தனையோடு வெளிவந்த பாலியல் குற்றவாளிகளில் ஆபத்து மிகுந்தவர்களுக்கு 2014 முதல் நாடு முழுவதும் நடத்துகிறார்கள். சோதனையில் ஒருவர் சொன்னதை அவர்மீதான குற்ற வழக்கில் சாட்சியமாக வைக்க முடியாது. சோதனையில் தேறவில்லை என்பதற்காக மட்டும் மறுபடி சிறைக்கு அனுப்புவதும் இல்லை. சோதனை வருகிறது என்று தெரிந்தாலே, மறைத்த சிலவற்றை ஆள் தானாகச் சொல்லிவிடுகிறார். கண்காணிப்பவருக்கு வேண்டியது அதுதான். கருவி வரையும் கோடுகளைவிட ஆளின் வாய் முக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மாற்றுச் சொல்? 'பல்வரைவி' (பாலி என்றால் பல, கிராஃப் என்றால் வரைவது) நேரடி ஆக்கம், ஆனால் பல் மருத்துவர் நினைவுக்கு வருகிறார். 'பன்வரைவி' என்று தப்பிக்கவும் முடியாது; வகரத்துக்கு முன் லகரம் னகரமாகாது, பல்வகை போல அப்படியே நிற்கும். 'உடற்குறி வரைவி' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இதே சிகிச்சைத் துறையில் ஆணுறுப்பின் எழுச்சியை அளக்கும் கருவி ஒன்றும் உண்டு. 'குறி' என்றால் வாசகர் எதை நினைப்பார்? விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை 'மெய்ப்பாட்டு வரைவி'. உள்ளத்து உணர்வு உடலில் தெரிவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்கிறது. அது சொல்லும் எட்டில் அச்சமும் ஒன்று. மெய் என்றால் உண்மையும்தானே என்று யாராவது கேட்பீர்கள். கேட்கட்டும், இங்கே உடல் என்று முதல் அடிக்குறிப்பிலேயே சொல்லிவிடலாம்.

அப்புறம், விடுதலை நிபந்தனைகளைப் பின்பற்றுகிறாரா என்று அவ்வப்போது பார்க்கும் சோதனைக்கு கட்டுரையில் 'பராமரிப்புச் சோதனை' என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டி சர்வீஸ் போல இருக்கிறது. 'நிபந்தனைச் சோதனை' சரிவருமா?