46 சதவீதம் மீண்டார்களா, தொடவே இல்லையா?

கணக்குப்பிள்ளை
பக்கத்து இழையில் மின்மினி ஒரு முத்து உதிர்த்திருக்கிறார்: "தொண்டு நிறுவனங்கள் கைகோர்த்தால் போதையில் விழுந்த இளைஞர்களில் 46 சதவீதம் பேர் மீண்டுவிடுகிறார்கள். நிரூபிக்கப்பட்ட உண்மை." கீழே வரிசையாக இதயக்குறிகள். ஒருத்தருக்காவது எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

நான் சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவரைத் துணை சேர்த்துவிடும் அமெரிக்கத் தொண்டு அமைப்பு 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' பற்றி 1995-இல் வந்த ஆய்வு அது. 10 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள், 959 பேர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு உடனே ஒரு பெரியவரைத் துணை சேர்த்தார்கள். மீதிப் பேர் காத்திருப்புப் பட்டியலில். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது, முதல் கூட்டத்துப் பிள்ளைகள் போதைப்பொருளைப் புதிதாகத் தொடங்கும் வாய்ப்பு 46 சதவீதம் குறைவாக இருந்தது. தொடங்குவது ஐயா, தொடங்குவது! மீள்வது எங்கே வந்தது?

மின்மினி
வணக்கம் சார். காலையிலேயே என் பெயரைப் போட்டு இழை திறந்ததற்கு நன்றி. மீண்டானோ, தொடாமலே இருந்தானோ, பையன் நல்லா இருக்கான் இல்லையா? அதுதானே விஷயம்? ஒரு வினைச்சொல்லுக்கு இவ்வளவு கோபமா?

கணக்குப்பிள்ளை
பற்றி எரிகிற வீட்டை அணைப்பதும் பற்றாமல் பார்த்துக்கொள்வதும் ஒரே வேலையா? ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும், வீட்டார் வேண்டும். மாதம் மூன்று முறை வந்து பந்து விளையாடிவிட்டுப் போகிற அண்ணன் போதாது. உங்கள் வரியை நம்பி ஒரு அம்மா பையனை அங்கே அனுப்பினால்?

இன்னொன்று. 46 சதவீதம் குறைவு என்றால் 100 பேரில் 46 பேர் என்று அர்த்தமில்லை. துணை இல்லாதவர்களில் 100-க்கு 10 பேர் தொடங்குவதாக வைத்துக்கொண்டால், துணை உள்ளவர்களில் ஐந்தாறு பேர் தொடங்குவார்கள். அவ்வளவுதான்.

ஆறாம்விரல்
கணக்கு அண்ணன் வந்தாச்சு, கச்சேரி ஆரம்பம். போன தடவை 'சராசரி'ங்கிற ஒரு வார்த்தைக்கு நாலு நாள் தூங்கல மனுஷன்.

தாழ்வாரம்
46 பற்றி எனக்குத் தெரியாது. களத்தில் இருக்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

ஒரு பையன், 16 வயது. மாலை வகுப்பு நடத்துவது ஒரு அமைப்பு, தொழிற்பயிற்சி இன்னொன்று, மனநல ஆலோசனை மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனிப் படிவம். "அப்பா என்ன வேலை?" என்று நான் கேட்டபோது, "முந்தாநாள் வந்த அக்காகிட்ட எழுதிக் கொடுத்தேனே, அவங்ககிட்டயே கேளுங்க" என்று பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டான். அவன் அப்பா இறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. மூன்றாவது தடவையாக அதை எழுதச் சொல்கிறோம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து ஒரே படிவமாக்கினோம். ஒரு தாள், அதற்கு நான்கு மாதம்! கேள்விகளெல்லாம் ஒரே நாளில் முடிந்தன. மேலே யார் லோகோ முதலில் என்பதில்தான் மிச்சக் காலம் போனது. ஆனால் இப்போது அவன் இரண்டு நாள் வகுப்புக்கு வராவிட்டால் பயிற்சிக்கூடத்துக்கு அன்றே தெரியும். கூட்டு என்றால் எனக்கு அந்தத் தாள்தான்.

கணக்குப்பிள்ளை
அம்மா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் அந்தப் பையன் போதையிலிருந்து மீண்டானா?

தாழ்வாரம்
அவன் போதையில் இருந்தான் என்று நான் எங்கே சொன்னேன்?

கணக்குப்பிள்ளை
அதேதான் நானும் சொல்கிறேன்!

வாசல்படி
முதலில் கூட்டு என்று எதைச் சொல்கிறீர்கள்? பணம் கொடுப்பதா, ஆள் கொடுப்பதா, தகவல் பகிர்வதா? அதை முடிவு செய்துவிட்டுச் சண்டை போடலாமே. போகிற போக்கில்: 'கூட்டாண்மை' நல்ல சொல்தான். 'கைகோர்ப்பு' என்பது மேடைப் பேச்சு.

ஆறாம்விரல்
தமிழ் வாத்தியாரும் வந்தாச்சு. கூட்டாண்மைன்னா கடைக்குப் பங்காளி சேர்க்கிற மாதிரி இருக்கு சார்.

வாசல்படி
நான் வாத்தியார் இல்லை. இதை முன்பே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

மின்மினி
கணக்கு சார் ஒரே ஆய்வைப் பிடித்துத் தொங்குகிறார். ஜான் கேனியா, மார்க் கிராமர் இருவரும் 2011-இல் எழுதிய கட்டுரையைப் படித்திருக்கிறாரா? சின்சினாட்டியில் 'ஸ்ட்ரைவ்' என்ற கூட்டமைப்பில் பள்ளிகள், பல்கலைக்கழகங்கள், தொண்டு அமைப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே இலக்கு, ஒரே அளவுகோல் என்று வேலை செய்ததை விரிவாகச் சொல்கிறார்கள். எல்லாரையும் இணைக்கவே முழுநேர ஆட்களோடு ஒரு முதுகெலும்பு அமைப்பு வேண்டும் என்றும் சொல்கிறார்கள். தாழ்வாரம் அக்காவின் நான்கு மாதம் ஏன் வீணானது? அப்படி ஒரு ஆள் இல்லாததால்தான்.

கணக்குப்பிள்ளை
படித்திருக்கிறேன். அதில் 46 எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

உங்கள் 46 வந்தது ஒரே அமைப்பின் ஆய்விலிருந்து. கூட்டும் இல்லை, பொரியலும் இல்லை.

மின்மினி
அந்த ஆய்வு எட்டு ஊர்க் கிளைகளில் நடந்தது. எட்டு கிளைகள் சேர்ந்தால் அது கூட்டு இல்லையா?

கணக்குப்பிள்ளை
என் இரண்டு கையும் சேர்ந்து சட்டைப் பொத்தான் போடுகின்றன. கூட்டாண்மை என்று அறிக்கை விடட்டுமா?

கைகோர்த்தால் போதும், நல்லதே நடக்கும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. 1939-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், சிறுவர்கள் குற்ற வழியில் போகாமல் தடுக்கக் கேம்பிரிட்ஜ்–சாமர்வில் திட்டம். 506 சிறுவர்கள், அதில் பாதிப் பேருக்கு மட்டும் உதவி. ஆலோசகர் வீட்டுக்கே வந்தார், படிப்பில் உதவி, மருத்துவம், கோடை முகாம். சாரணர் இயக்கத்திலும் ஒய்எம்சிஏவிலும் சேர்த்துவிட்டார்கள். நீங்கள் கேட்கிற எல்லாக் கைகளும் கோர்க்கப்பட்டன. 30 வருடம் கழித்து குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் தேடிப்பிடித்துப் பார்த்து 1978-இல் எழுதினார்: உதவி பெற்றவர்கள் பல வகையில் மற்றவர்களைவிட மோசமாக இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தத் திட்டம் நல்லது செய்தது என்றே நம்பினார்கள். இதயக்குறி போட்டவர்கள் கவனிக்க.

மின்மினி
அப்போ யாரும் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் செய்யக்கூடாது. சந்தோஷமா?

கணக்குப்பிள்ளை
நான் அப்படிச் சொல்லவில்லை. 46 தப்பு என்றேன்.

தாழ்வாரம்
நீங்கள் பேசாமல் விட்டது ஒன்று. அதே 'பிக் பிரதர்ஸ்' தரவை வைத்து கிராஸ்மன், ரோட்ஸ் 2002-இல் எழுதினார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த துணையில்தான் பலன் அதிகம். சில மாதத்தில் அறுந்துபோன இடத்தில் பிள்ளைகளின் தன்மதிப்பே இறங்கியது. எங்களிடம் ஆறு மாதத் திட்டம் என்று வருகிற நிதி நிறுவனங்களிடம் இதைச் சொன்னால், "முதலில் ஆறு மாதம் பார்ப்போம்" என்கிறார்கள். பழகிய அக்கா ஏழாவது மாதம் ஏன் வரவில்லை என்று பிள்ளைக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

ஆறாம்விரல்
இது உருப்படியான விஷயம். அதனால யாரும் பதில் போட மாட்டாங்க, பாருங்க.

மின்மினி
நூலக இழையில் உங்கள் தேதி தப்பு என்று நான் காட்டிய நாளிலிருந்து இப்படித்தான் என் பின்னாலேயே வருகிறீர்கள் கணக்கு சார். எல்லாருக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை
அந்தத் தேதி தப்பில்லை. அச்சுப்பிழை.

வாசல்படி
அப்படியானால் "மீண்டார்கள்" என்பதும் அச்சுப்பிழையாக இருக்கலாமே?

கணக்குப்பிள்ளை
'தொடங்கவில்லை' என்று தட்டப் போய் 'மீண்டார்கள்' என்று எந்த விசைப்பலகையில் விழும்? படம் போட்டுக் காட்டுங்கள்.

ஆறாம்விரல்
மின்மினி அங்கே பதிவைத் திருத்திட்டாங்க, பார்த்தீங்களா? "46 சதவீதம் பேர் மாறுகிறார்கள்"னு இருக்கு இப்போ.

மின்மினி
நான் தப்பென்று திருத்தவில்லை. வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று மாற்றினேன்.

கணக்குப்பிள்ளை
மாறுகிறார்களா? எதிலிருந்து எதுவாக? இதற்குத் தனி இழை திறக்கிறேன். அங்கே வாருங்கள்.