புதுப்பிப்பு: 90 வோல்ட் பேட்டரி இல்லாமலே வால்வு ரேடியோ பாடுகிறது

தாத்தாவின் நாலு வால்வு ரேடியோவுக்கு (டிகே96 வரிசை, பேட்டரியில் ஓடும் வால்வு வகை) 90 வோல்ட் பேட்டரி எங்கும் கிடைக்கவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி.

குறைந்த வோல்ட்டை 90 ஆக ஏற்றித் தரும் பூஸ்ட் கன்வெர்ட்டர் போர்டு எனக்கு ஒத்துவரவில்லை. மீடியம் வேவ் முழுக்க ஒரே விசில். கைகொடுத்தது, பத்து 9 வோல்ட் பேட்டரிகளை வரிசையாகக் கோர்க்கச் சொன்ன யோசனைதான். ஒன்றின் முனையில் இன்னொன்றை அழுத்தினால் போதும், வயரே வேண்டாம். ஆனால் கடைசி இரண்டு முனைகளில் விரல் பட்டால் சுளீர் என்கிறது, அனுபவம்! வால்வுக்குள் சூடாகும் கம்பியான ஃபிலமெண்டுக்குப் பெரிய டார்ச் செல் ஒன்று, 1.5 வோல்ட்.

எதிர்பாராதது: புது பேட்டரிகள் இரண்டே நாளில் இறங்கின. மீட்டர் வைத்தால் ரேடியோ 30 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பழைய எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் கரண்டைக் கசியவிட்டிருக்கிறது. அதை மாற்றியதும் 11 மில்லி ஆம்பியர்தான்.