‘வேரி’ என்றால் வெறும் எச்சரிக்கைதானா? விளக்கம் தேவை

கேள்வி:
வணக்கம். ஒரு ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ‘இன்வெஸ்டர்ஸ் ஆர் வேரி ஆஃப் தி ஸ்கீம்’ என்று ஒரு வரி. எழுத்து டபிள்யூ, ஏ, ஆர், ஒய். அகராதி ‘எச்சரிக்கையான’ என்கிறது. ‘முதலீட்டாளர்கள் திட்டத்தில் எச்சரிக்கையாக இருக்கிறார்கள்’ என்று எழுதினால், பணத்தைப் போட்டுவிட்டுப் பார்த்துப் பார்த்து நடப்பது போலத் தொனிக்கிறது. ஆனால் இன்னும் யாரும் பணம் போடவில்லை என்று அடுத்த வரியே சொல்கிறது. இதற்கும் ‘காஷியஸ்’ என்ற சொல்லுக்கும் என்ன வித்தியாசம்?

பதில் 1:
நீங்கள் தயங்கியது சரிதான், அந்த வாக்கியம் பொருந்தாது. காஷியஸ் என்பது நடந்துகொள்ளும் விதம். நிதானமாக வண்டி ஓட்டுபவர் ‘காஷியஸ் டிரைவர்’. அவருக்கு யார் மேலும் சந்தேகம் இருக்க வேண்டியதில்லை. வேரி என்றால் உள்ளுக்குள் ஒரு அவநம்பிக்கை இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு ஆள் மேலோ விஷயத்தின் மேலோ. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையைப் பார்க்கிற பார்வை அது. எதன் மேல் என்பதைச் சொல்லத்தான் பின்னால் ‘ஆஃப்’ வருகிறது. ‘இந்தத் திட்டத்தை நம்பி இறங்க முதலீட்டாளர்கள் தயங்குகிறார்கள்’ என்று எழுதிப் பாருங்கள்.

வினை சேர்க்க வேண்டுமானால் ‘வேரி ஆஃப் சைனிங்’ என்று ‘இங்’ போட்டு எழுதுங்கள். ‘வேரி டு சைன்’ என்று எழுதாமல் இருப்பதே நல்லது. ‘வேரி அபௌட்’ தவறில்லை, ஆனால் ‘ஆஃப்’தான் அதிகம் புழங்குகிறது.

பதில் 2:
எழுத்தையும் ஒருமுறை சரிபாருங்கள், நண்பரே. நடுவில் ஒரு ‘ஈ’ கூடினால் ‘வியரி’, அதாவது களைத்த, சலித்த. ‘வேரி ஆஃப் வார்’ என்றால் போரில் இறங்கத் தயங்குகிறார்கள். ‘வியரி ஆஃப் வார்’ என்றால் போரால் சலித்துப்போனார்கள். இரண்டுக்கும் ‘ஆஃப்’ வரும், இரண்டுமே சரியான சொற்கள். அதனால் கணினியில் உள்ள எழுத்துப்பிழை திருத்திகூட இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். பலர் குழம்பும் இடம் இது. ‘அவேர்’ (அறிந்திருக்கிற), ‘பிவேர்’ (ஜாக்கிரதை) இரண்டிலும் உள்ள ‘வேர்’ என்ற ஆங்கிலப் பகுதிதான் ‘வேரி’யிலும் இருக்கிறது, ஒரே குடும்பம். அதை நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

கேட்டவர்:
மிக்க நன்றி, இப்போது தெளிவாகிவிட்டது. ஒரே குடும்பம் என்றால் ‘ஹி பிவேர்ஸ் ஆஃப் டாக்ஸ்’ என்றும் எழுதலாமா?

பதில் 1:
கூடாது. இன்றைய ஆங்கிலத்தில் பிவேர் அறிவிப்புப் பலகையில் வருவது போலக் கட்டளையாக வரும். அப்புறம் ‘மஸ்ட் பிவேர்’, ‘டு பிவேர்’ போன்ற இடங்களில் வரும். அவ்வளவுதான். ‘பிவேர்ஸ்’, ‘பிவேர்டு’ எல்லாம் வழக்கில் இல்லை. அந்த இடத்தை நிரப்புவது ‘ஹி இஸ் வேரி ஆஃப் டாக்ஸ்’. நாய் என்றால் கொஞ்சம் ஒதுங்கியே நிற்பார் என்று பொருள்.

கேட்டவர்:
சரி. கடைசிப் பத்தியில் ‘எ டிராப் ஃபார் தி அன்வேரி’ என்று வருகிறது. ‘எச்சரிக்கை இல்லாதவர்களுக்கான பொறி’ என்று எழுதலாமா?

பதில் 2:
பொருள் சரி, ஓட்டம்தான் இல்லை. ‘அசந்தால் மாட்டிவிடும் பொறி’ என்று போடுங்கள்.