புதுப்பிப்பு: ரசிகர் மாநாட்டு மேடையில் இடம் கிடைத்தது

ரசிகர் மாநாடுகளில் (கற்பனைக் கதை, காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் விழாக்களில்) எழுத்தாளராகப் பேச என்ன வழி என்று பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கொச்சியில் பேசிவிட்டு வந்தேன்.

பலித்தது, "உங்க புத்தகத்தைச் சொல்லாதீங்க, ஒரு அமர்வையே எழுதி அனுப்புங்க" என்று ஓர் அண்ணன் சொன்ன யோசனைதான். 'ஒடியன் கதைகள்: தமிழிலும் மலையாளத்திலும்' என்று தலைப்பு (ஒடியன் என்றால் கேரள நாட்டுப்புறக் கதைகளில் விலங்காக உருமாறும் மந்திரவாதி), மூன்று வரி விளக்கம், கூடப் பேச இருவர் பெயர். ஐந்து மாதம் முன்பே அனுப்பினேன். அதற்கு முன், விருந்தினராக அழையுங்கள் என்று எழுதிய மடல்களுக்குப் பதிலே இல்லை.

எதிர்பாராதது செலவு: நுழைவு அட்டை மட்டும் இலவசம், ரயில் டிக்கெட் என் கையிலிருந்து. ஆனால் அமர்வு முடிந்ததும் ஒரு பாலக்காட்டுப் பெண், தன் பாட்டி சொன்ன ஒடியன் கதையை என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார். அப்புறம் மூன்று பிரதிகள் வாங்கினார்.