மொசாம்பிக் சைட்டுக்கு ஆள் அனுப்பும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கோவை வால்வு:
வணக்கம். கோயம்புத்தூரில் சின்ன கம்பெனி நாங்கள். மொசாம்பிக்கின் கபோ டெல்காடோவில் நடக்கும் எரிவாயு திட்டத்தில் பம்ப் பொருத்தும் சப்-கான்ட்ராக்ட் கிடைக்கும்போல இருக்கிறது. எட்டு ஃபிட்டர்கள் போக வேண்டும். கன்சல்டன்ட் கொடுத்த பாதுகாப்பு அறிக்கையில் மாவட்டத்துக்கு மாவட்டம் சிவப்பு, மஞ்சள், பச்சை. எங்கள் சைட் மஞ்சள். ஆளை அனுப்பலாமா கூடாதா என்பது மட்டும் எங்கும் இல்லை.

கேம்ப் அண்ணாச்சி:
தம்பி, கலரை விடுங்கள். உங்கள் ஆட்கள் ராத்திரி எங்கே படுப்பார்கள், வேலிக்கு உள்ளேயா வெளியேயா? ஆப்பிரிக்க சைட்டுகளில் கேம்ப் நிர்வாகம் பார்த்தவன் நான், எனக்கு முதலில் இதுதான் தோன்றும்.

2021 மார்ச் 24 அன்று, எரிவாயு சைட் இருக்கும் அஃபுங்கியில் நின்றுபோன வேலையை மறுபடி தொடங்குவதாக, திட்டத்தை நடத்தும் பிரெஞ்சு எண்ணெய் கம்பெனி டோட்டல் அறிவித்தது. சுற்றி 25 கிலோமீட்டருக்கு அரசின் பாதுகாப்பு வளையம் என்றார்கள். அன்றைக்கே பக்கத்து ஊரான பால்மாவுக்குள் ஆயுதக் கும்பல் புகுந்தது. பால்மா அந்த வளையத்துக்கு உள்ளேதான்! சைட் வேலிக்குள் அவர்கள் நுழையவில்லை. மாட்டியது ஊரில் தங்கியிருந்த சப்-கான்ட்ராக்டர் ஆட்கள். அமருலா லாட்ஜில் இருநூறு பேருக்குக் கிட்ட அடைந்து கிடந்தார்கள். சின்ன ஹெலிகாப்டர்களில் கொஞ்சம் பேரைத்தான் தூக்க முடிந்தது. 26-ஆம் தேதி மிச்சப் பேர் வண்டி வண்டியாகக் கிளம்ப, கேட்டைத் தாண்டியதுமே துப்பாக்கிச் சூடு. 17 வண்டிகளில் 7 தான் தப்பியதாகச் செய்தி வந்தது.

மெயின் கான்ட்ராக்டரின் வெளியேற்றப் பட்டியலில் உங்கள் எட்டுப் பேரும் இருக்கிறார்களா? விமானத்துக்கு யார் பணம் கொடுப்பது? சாலையை நம்பாதீர்கள். தெற்கே போகும் வழியில் இருக்கும் மொசிம்போவா டா பிரயா, 2020 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷம் அந்தக் கும்பலின் கையில்தான் இருந்தது.

கோவை வால்வு:
பட்டியலில் “சைட் பணியாளர்கள்” என்றுதான் இருக்கிறது அண்ணாச்சி. எங்கள் ஆட்களுக்கு பால்மாவில் வாடகை வீடு என்று பேச்சு. வேலிக்குள் தங்க வைக்கும் செலவை கொட்டேஷனில் சேர்க்கவில்லை.

பாலிசி ராஜி:
இன்சூரன்ஸையும் பாருங்கள் சார். தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி வெளிநாட்டு வேலைக்குத் தானாக நீளாது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். போர் பெரும்பாலும் விலக்கில் வரும். பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பணம் உண்டா, அதுவும் விலக்கா என்று எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், 2021 ஏப்ரலில் டோட்டல் ‘ஃபோர்ஸ் மெஜூர்’, அதாவது கைமீறிய காரணத்தால் ஒப்பந்தப்படி நடக்க முடியாது என்று அறிவித்து, திட்டம் வருஷக்கணக்கில் நின்றது. அப்படி நின்றால் ஆள் திரும்பும் செலவும் அங்கே கிடக்கும் பம்புகளும் யார் தலையில்?

கேம்ப் அண்ணாச்சி:
ராஜி சொல்வது சரி. வேலிக்குள் படுக்கை சேர்த்து கொட்டேஷனை மறுபடி போடுங்கள் தம்பி. ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆர்டரை விட்டுவிடுங்கள், அந்த வாடகை வீட்டில் படுக்கப்போவது கன்சல்டன்ட் இல்லை. தலைநகர் மாபுத்தோவில் இருக்கும் நம் இந்திய ஹைகமிஷனில் (தூதரகம்) பதிவு செய்யுங்கள். ஆனால் மாபுத்தோ தென்கோடி, பால்மா தான்சானியா எல்லையோரம். ராத்திரியில் அங்கிருந்து யாரும் ஜீப் அனுப்ப முடியாது. சாட்டிலைட் போன் ஒன்று கட்டாயம், தாக்குதலின்போது பால்மாவில் போன் தொடர்பே அற்றுப்போனது. கிளம்புகிற முடிவை அங்கே இருக்கும் சூப்பர்வைசரே எடுக்கட்டும், கோவையின் ஓகேவுக்குக் காத்திருக்க வைக்காதீர்கள்.