மஸ்டா ரோட்ஸ்டர்: முதல் தலைமுறையா, இரண்டாவதா?

கேள்வி (கல்லடி):
மடக்கும் துணிக்கூரை கொண்ட இருவர் காரான மஸ்டா ரோட்ஸ்டரில், 1989இல் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் வந்த முதல் தலைமுறைக் கார், 1998இல் வந்த இரண்டாவது ஆகிய இரண்டில் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். வீடு கடற்கரைக்கு மிக அருகில் இருக்கிறது. எது பொருந்தும், அண்ணன்மாரே?

பதில் (கல்முனை):
தம்பி, முதலாவதில் எழுந்து மடங்கும் முகப்பு விளக்குகள் பேரழகுதான். ஆனால் அதன் துணிக்கூரையின் பின்சாளரம் பிளாஸ்டிக் என்பதால், நம்மூர் வெயிலில் மஞ்சளித்து மங்கிவிடும். இரண்டாவதில் அவ்விடத்தில் கண்ணாடியே உண்டு.

பதில் (மட்டக்களப்பு):
விளக்கை விடுங்கள், துருவைப் பாருங்கள். இரண்டிலும் இருக்கைகளுக்குப் பின்னால் கூரைநீர் வடியும் துளைகள் சருகும் மண்ணும் சேர்ந்து அடைபட்டால், தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள பெட்டித்தகட்டுக்குள் இறங்கி உள்ளிருந்தே அரிக்கும். உப்புக்காற்றில் அது இன்னும் விரைவாகும். புதுப் பெயின்டை நம்பாமல், பின்சக்கரத்துக்கு முன்னுள்ள தகட்டை விரலால் தட்டிக் கேளுங்கள்.

பதில் (அக்கரைப்பற்று):
2005இன் மூன்றாவது 2.0 லீட்டர் எஞ்சினுடன் பருத்துவிட்டது. 2015இன் நான்காவதோ முதலாவதை விடவும் நீளம் குறைந்தது, ஜப்பானில் 1.5 லீட்டர் எஞ்சினுடன் வந்தது. பணமிருந்தால் அதுவே என் தெரிவு.

கேட்டவர்:
நன்றி. இரண்டாவதையே, தட்டிப் பார்த்து வாங்குகிறேன்.